எஞ்சின் மாறினால் எரிபொருள் வழியும் மாற வேண்டும்

சித்தூர் மாவட்டத்தில் பாலசமுத்திரம் மண்டலம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலம் இது. இங்கே தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. சித்தூருக்கும் போவார்கள். எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுக்கும் போவார்கள். பஸ் எல்லா நேரத்திலும் கிடைக்காது. பிரசவ வலி வந்தால் வாடகைக் கார்தான். கல்யாணத்துக்கும் கார்தான். திருப்பதிக்கு முடி இறக்கப் போனாலும் கார்தான்.

பல ஆண்டுகள் இந்த வேலையை எல்லாம் செய்தது அம்பாசடர் கார். இது மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் தயாரானது. இங்கிலாந்து நாட்டின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்யப்பட்டது. 1950களின் கடைசியில் ரோட்டுக்கு வந்தது. 2014 ஆம் ஆண்டு மே மாதம் அதன் தயாரிப்பு நின்றது. ஆனால் பழைய அம்பாசடர்கள் இன்னும் சில ஓடுகின்றன.

பழைய கார்களில் பலவற்றில் இப்போது இருப்பது பிறந்தபோது இருந்த எஞ்சின் அல்ல. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். ஜீப்புகளிலும் இப்படிச் செய்தார்கள்.

ஏன் மாற்றினார்கள்? பெட்ரோல் விலை அதிகம். டீசல் விலை குறைவு. ஒரு லிட்டருக்கு டீசல் கூடுதல் தூரமும் ஓடும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அந்த மிச்சம்தான் லாபம். அந்தக் காலத்தில் அரசு டீசல் விலையைக் குறைத்து வைத்திருந்தது. 2014 ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிட்டது. எஞ்சின் மாற்ற நினைப்பவர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் மாற்றுபவர்கள் எஞ்சினையே பார்ப்பார்கள். அதற்கு எரிபொருள் வரும் வழியைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வண்டி பாதி வழியில் நிற்பதும், தீப்பிடிப்பதும் பல நேரம் அந்த வழியால்தான்.

எரிபொருள் எப்படி வருகிறது?

எரிபொருள் என்றால் எரிந்து சக்தி தரும் பொருள். பெட்ரோலும் டீசலும் எரிபொருள்கள். காரின் பின்புறம் டேங்க் இருக்கிறது. முன்புறம் எஞ்சின் இருக்கிறது. பின்னால் இருப்பது முன்னால் போக வேண்டும். அதற்குக் குழாய் வேண்டும். தள்ளிவிடப் பம்ப் வேண்டும். அழுக்கை வடிகட்ட பில்டர் வேண்டும்.

கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான் இதுவும். மோட்டார் சரியாக இருந்து, பைப்பில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? பயிருக்குத் தண்ணீர் போகாது. இங்கே ஓட்டை விழுந்தால் பயிர் காய்வதோடு முடியாது. நெருப்பு வரும்.

பழைய பெட்ரோல் எஞ்சின்

பழைய பெட்ரோல் எஞ்சினில் கார்பரேட்டர் உண்டு. எஞ்சின் சுற்றும்போது அதனுடன் ஒரு சின்னப் பம்பும் இயங்கும். அது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்பரேட்டருக்கு அனுப்பும். கார்பரேட்டருக்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்தால் மிதவை மேலே எழும்பி வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவை போல.

எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றோடு பெட்ரோல் தூவலாகக் கலக்கும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கலந்த பிறகு பிளக்கில் தீப்பொறி வரும். பெட்ரோல் எரியும்.

இந்தப் பம்பின் அழுத்தம் மிகவும் குறைவு. கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பம்ப் தருவது 3 முதல் 5 பவுண்டு மட்டுமே. அதனால் சாதாரணக் குழாயே போதும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கோடை வெயிலில் மலை ஏறும்போது எஞ்சின் மிகவும் சூடாகும். குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது. வண்டி நின்றுவிடும். மலைப் பாதைகளில் பழைய கார் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத் துணி போடுவது இதனால்தான்.

டீசல் எஞ்சின்

டீசல் எஞ்சினில் பிளக்கும் இல்லை, தீப்பொறியும் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல். ஜெர்மன் பொறியாளர். 1858 இல் பிறந்தவர். 1897 இல் அவருடைய எஞ்சின் நன்றாக ஓடிக் காட்டியது. அவருடைய பெயர்தான் எரிபொருளுக்கும் பெயராக ஆனது.

இந்த எஞ்சின் வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அதை மிகவும் நெருக்கி அழுத்தும். சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா? அதே போல நெருக்கிய காற்று சூடாகும். 500 டிகிரிக்கும் மேலே போகும். அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சி அடித்தால் அது தானே எரியும்.

ஆனால் அவ்வளவு நெருக்கத்துக்குள் டீசலை எப்படி நுழைப்பது? அதற்குப் பலமான பம்ப் வேண்டும். சாதாரணக் காற்றின் அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927 இல் இந்தப் பம்பை ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் 1951 இல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி தொடங்கியது. 2008 முதல் அதன் பெயரும் பாஷ் ஆகிவிட்டது.

டீசல் போகும் வழியைப் படிப்படியாகப் பாருங்கள். முதலில் டேங்க். பிறகு சாதாரணப் பம்ப். பிறகு பில்டர். பிறகு பெரிய பம்ப். பிறகு இரும்புக் குழாய்கள். கடைசியாக நாசில். நாசில்தான் டீசலைப் பனி போலத் தூவுகிறது. மிஞ்சிய டீசல் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். இதை ரிட்டன் லைன் என்பார்கள்.

டீசல் எஞ்சின் மாட்டும்போது செய்ய வேண்டியவை

பெட்ரோல் காரில் டேங்கிலிருந்து ஒரு குழாய்தான் வரும். டீசலுக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்று போக, ஒன்று திரும்ப. ரிட்டன் லைனை அடைத்துவிட்டால் மிஞ்சிய டீசலுக்குப் போக்கிடம் இல்லை. கசியத் தொடங்கும். ரிட்டன் லைனில் திரும்பும் டீசல், குழாயில் உள்ள காற்றுக் குமிழியையும் சூட்டையும் கூடவே கொண்டு போகும்.

அடுத்தது டேங்க். பழைய டேங்கின் உள்ளே துரு இருக்கும். பிசின் போன்ற அழுக்கு இருக்கும். பெட்ரோல் மிச்சம் இருக்கும். எல்லாவற்றையும் சுத்தமாக நீக்க வேண்டும். டீசல் பம்பின் உள் பாகங்கள் மிகவும் நுண்ணியவை. அவற்றுக்கு டீசலே மசகு எண்ணெய். பெட்ரோலுக்கு அந்த வழுவழுப்பு இல்லை. பெட்ரோல் கலந்தால் பம்ப் தேயும். ஒரு துளி மணல் போதும், கீறல் விழும். பிறகு பம்ப், நாசில் வேலை என்று பெரிய செலவு வரும்.

டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்கத் தோன்றும். இதில் எச்சரிக்கை வேண்டும். காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கை விட ஆபத்தானது. பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி உள்ளே இருக்கும். நெருப்புப் பட்டால் டேங்க் வெடிக்கும். பட்டறைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. முறை தெரிந்த டேங்க் பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள். அல்லது வேறு டேங்க் போடுங்கள்.

பில்டரும் மாற வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டீசல் பில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

எஞ்சினை நிறுத்தும் வழியையும் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் சாவியை அணைத்தால் தீப்பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். டீசலில் தீப்பொறியே இல்லை. டீசல் வருவதை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். அதற்குப் பம்பில் ஒரு நெம்புகோல் அல்லது மின் அடைப்பான் உண்டு. நெம்புகோல் என்றால் ஓட்டுநர் இருக்கை வரை ஒயர் இழுத்து வர வேண்டும். அந்த ஒயரின் கைப்பிடி எது என்று வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காற்று எடுப்பது எப்படி?

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தால் டீசல் எஞ்சின் உடனே ஓடாது. குழாய்க்குள் காற்று இருக்கும். காற்று ஸ்பஞ்சு போல அமுங்கும். பம்ப் தள்ளினாலும் டீசல் நாசிலில் பீய்ச்சாது. டேங்க் தீர்ந்து வண்டி நின்றாலும் இதே கதைதான்.

முதலில் பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்துங்கள். கைப் பம்பை அடியுங்கள். நுரை நுரையாக டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை முடுக்குங்கள். அடுத்துப் பெரிய பம்பின் திருகிலும் இதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் குழாய்களின் நட்டைச் சிறிது தளர்த்தி எஞ்சினைச் சுற்ற வைக்க வேண்டும். டீசல் துளிர்த்ததும் நட்டை முடுக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி போல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இருக்காது. பிறகு விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன நடந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவு பார்க்க ஓர் அட்டையைக் காட்டினால் போதும். அட்டை நனையும்.

புதிய பெட்ரோல் எஞ்சின் என்றால்?

2000 ஆம் ஆண்டில் நம் நாட்டில் கார் புகைக்கான விதிகள் கடுமையாயின. பெட்ரோல் கார்களில் கார்பரேட்டர் மெல்ல மறைந்தது. இப்போதைய எஞ்சினில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது அளந்து அளந்து பெட்ரோலைத் தூவச் சொல்கிறது. இதை எம்.பி.எப்.ஐ. எஞ்சின் என்பார்கள்.

இந்த எஞ்சினைப் பழைய காரில் வைத்தால் பழைய பம்ப் உதவாது. இதற்கு 40 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் வேண்டும். பழைய பம்ப் தருவது 5 பவுண்டு. மின்சாரப் பம்ப்தான் வேண்டும். பழைய ரப்பர் குழாயும் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கார் ஒரு மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் போகிறது. ஒரு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் செலவு? 60ஐ 12 ஆல் வகுத்தால் 5. அதாவது 5 லிட்டர். ஆனால் மின்சாரப் பம்ப் ஒரு மணிக்கு 80 லிட்டர் வரை தள்ளக் கூடியது. மீதி 75 லிட்டர் எங்கே போகும்? ரிட்டன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். இங்கேயும் ரிட்டன் லைன் ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

மின்சாரப் பம்ப் நன்றாகத் தள்ளும், ஆனால் சரியாக இழுக்காது. ஆகவே அதை டேங்குக்குள் வைக்க வேண்டும். அல்லது டேங்கின் பக்கத்தில், தாழ்வாக வைக்க வேண்டும். பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிர வைக்கிறது. டேங்க் காலியாக ஓட்டினால் பம்ப் கருகும்.

வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை இழுக்கும். எஞ்சின் திணறும். கார்பரேட்டர் காரில் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் அந்த நொடியைச் சமாளிக்கும். இதில் கிண்ணம் இல்லை. அதனால் பம்புக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வைக்கிறார்கள். அது எப்போதும் நிறைந்தே இருக்கும்.

கடைசியாக மிக முக்கியமான ஒன்று. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். விபத்து நடந்து எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். பம்ப் மட்டும் ஓடினால் உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டும். உள்ளே மாட்டியவர்கள் தப்ப முடியாது. பம்பை நேராகப் பேட்டரியில் இணைக்கக் கூடாது. பியூசும் ரிலேயும் வைத்து, எஞ்சின் சுற்றினால் மட்டும் பம்ப் ஓடும்படி ஒயர் போட வேண்டும்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம்

100 ரூபாய் மிச்சம் பிடிக்கத் தண்ணீர்க் குழாயைப் போடுபவர்கள் உண்டு. அது பெட்ரோல் பட்டு ஊறி வெடிக்கும். எரிபொருளுக்கென்று செய்த குழாயே போட வேண்டும். குழாய் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. சக்கரத்தில் உரசக் கூடாது. தகட்டு ஓட்டை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். தொங்காதபடி கிளிப் போட வேண்டும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலக்கிறார்கள். கரும்பு, சோளம், அரிசியிலிருந்து அது கிடைக்கிறது. 2025 இல் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் துரு ஏறும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் ஊறிப் போகலாம், வெடிக்கலாம். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், எஞ்சின் மாற்றாவிட்டாலும், குழாய்களைப் பார்த்து மாற்றுவது நல்லது.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுக் கசிவு பாருங்கள். பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. மணல் வாளியும், தூள் நிரப்பிய தீயணைப்பானும் அருகில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எஞ்சினுக்கு ஓர் எண் உண்டு. அது எஞ்சின் மேல் பொறித்திருக்கும். ஆர்.சி.யிலும் அந்த எண் இருக்கும். எந்த எரிபொருளில் ஓடும் வண்டி என்பதும் அதில் இருக்கும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இல் வந்தது. அதன் 52 ஆவது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. தயாரித்த கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக, விருப்பம் போல வண்டியை மாற்ற முடியாது. எரிபொருள் வகையை மாற்றுவதற்கும் விதிகள் உண்டு. அனுமதி இல்லாமல் மாற்றினால் தண்டனை உண்டு. 2019 இல் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம். அல்லது 6 மாதம் வரை சிறை. அல்லது இரண்டும் சேர்ந்து. இந்தச் சட்டம் ஆந்திரத்துக்கும் ஒன்றுதான், தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஆர்.சி.யைப் பார்க்கும். எஞ்சின் எண் வேறாக இருந்தால் பணம் கிடைப்பதில் தகராறு வரும். ஆகவே எஞ்சின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா, என்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். எஞ்சின் விற்றவரிடம் பில் வாங்குங்கள். பில்லில் உள்ள எண்ணையும் எஞ்சினில் உள்ள எண்ணையும் நீங்களே எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். திருட்டு எஞ்சின் என்றால் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

அனுமதி பெற்று எஞ்சின் மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி. டேங்க் மூடியின் பக்கத்தில் பெயிண்டால் பெரிதாக எழுதுங்கள். டீசல் என்றால் டீசல் என்று. தமிழிலும் எழுதுங்கள், தெலுங்கிலும் எழுதுங்கள். பங்கில் இருக்கும் பையனுக்கு உங்கள் பழைய கார் பெட்ரோல் கார் போலத்தான் தெரியும். அந்த ஒரு சொல் உங்கள் பம்பைக் காப்பாற்றும்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. ரிட்டன் லைன் எதற்கு?

2. காலி பெட்ரோல் டேங்கில் ஏன் வெல்டிங் வைக்கக் கூடாது?

3. டீசல் கசிவை விரலால் தடவினால் என்ன ஆகும்? வேறு எப்படிப் பார்க்கலாம்?

4. ஒரு கார் ஒரு மணியில் 45 கிலோமீட்டர் போகிறது. ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகும்?

5. உங்கள் ஊரில் உள்ள ஒரு வண்டியின் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எஞ்சின் எண் எங்கே இருக்கிறது? எரிபொருள் என்ன என்று எங்கே எழுதியிருக்கிறது?